பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுது: 718 கேமன் முன் டிஸ்க் வளைஞ்சிருக்குமா?

பீளமேட்டு718:
வணக்கம் நண்பர்களே. என்னுது 2017 போர்ஷே 718 கேமன், செகண்ட்ல வாங்கினது. போன மாசம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல முதல் ட்ராக் டே, அதாவது சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள். சுத்து 2.1 கி.மீ.தான், பிரேக் ஆற நேரமே கிடைக்கல. நாலாவது செஷன்ல பெடல் கீழே இறங்க ஆரம்பிச்சுது. பயந்துபோய் நேரா பிட்டுக்கு வந்து, பெடலை மிதிச்சபடியே ரெண்டு நிமிஷம் நின்னேன். அன்னையில இருந்து 90-ல பிரேக் தொட்டா ஸ்டீயரிங் நடுங்குது. ஒர்க்ஷாப்ல "டிஸ்க் வளைஞ்சிருச்சு, நாலையும் மாத்துங்க"ன்னு சொல்றாங்க. முன் டிஸ்க்ல ஓட்டைகளைச் சுத்தி மயிரிழை மாதிரி விரிசலும் தெரியுது. லேத்துல கொடுத்து ஃபேஸிங் அடிச்சா, அதான் முகத்தைச் சீவிச் சமமாக்கினா, போதுமா? மாத்தறதா இருந்தா மறுபடியும் ஓட்டை போட்டதே வாங்கலாமா?

பம்பு பட்டறை:
தம்பி, எதையும் வாங்காதீங்க, முதல்ல அளந்து பாருங்க. "வளைஞ்சிருச்சு"ன்னு சொல்ற டிஸ்க்ல பாதிக்கு மேல வளையறதே இல்ல. கொதிக்கிற டிஸ்க்கை பேட் இறுக்கிப் பிடிச்சபடி நின்னா, பேட் மசாலா அந்த ஒரே இடத்துல அப்பிக்கும். நீங்க பிட்ல நின்ன ரெண்டு நிமிஷம் அதுதான் நடந்திருக்கணும். அப்பின இடம் அடுத்த தடவை அதிகமா சூடாகும். சூடு எல்லை மீறினா அங்க வார்ப்பிரும்பே இறுகி சிமென்டைட்ங்கற ரொம்பக் கடினமான பொருளா ஆயிரும். அப்புறம் உப்புத்தாள் போட்டாலும் போகாது.

சக்கரத்தைக் கழட்டி, டிஸ்க்கை போல்ட் போட்டு இறுக்கி, விளிம்புல இருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கற முள் கருவி) வைங்க. மெதுவா ஒரு சுத்து. முள் 0.05 மி.மீ.க்கு மேல ஆடினா டிஸ்க்கைக் கழட்டி, அது உட்கார்ற ஹப் முகத்தைப் பாருங்க. துரு ஒரு பொட்டு இருந்தாலும் விளிம்புல அது பெருசாத் தெரியும்.

ஃபேஸிங் வேண்டாம். லேத்துல அது லேத்தோட மையத்துக்கு நேராகும், உங்க ஹப்புக்கு நேராகாது. தடிமனும் போச்சு. இருபது வருஷமா லேத் ஓட்டறவன் சொல்றேன்.

இருங்காட்டுக்கோட்டை:
விரிசலுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஓட்டையைச் சுத்தி மட்டும் சின்னதா இருந்தா வெச்சு ஓட்டலாம். ரெண்டு ஓட்டையை இணைச்சாலோ, வெளி விளிம்பைத் தொட்டாலோ அன்னைக்கே தூக்கிப் போடுங்க. நகத்தால வருடிப் பாருங்க, மாட்டுதான்னு.

ஓட்டை எதுக்கு வந்துச்சுன்னா, பழைய காலத்து பேட் சூடானா வாயு கக்கும், அது வெளியேற. இன்னைக்கு வர்ற நல்ல பேட் அவ்வளவு கக்காது. ட்ராக்குக்குப் போற வண்டிக்கு ஓட்டை இல்லாத, வெறும் காடி வெட்டின டிஸ்க்தான் என் கட்சி. ஓட்டைதானே விரிசல் பிறக்கிற இடம்! ரோட்ல மட்டும் ஓட்டறவங்களுக்கு, மழையில தண்ணி வடிய ஓட்டை நல்லதுதான்.

பெடல் இறங்கினது தனிக் கதை, அது பிரேக் ஆயில் கொதிச்சது. டாட் 4 தர ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிட்டா தரப்படி 155 வரைதான் தாங்கணும். எப்ப மாத்தினீங்க?

பீளமேட்டு718:
ஆயில் எப்ப மாத்தினதுன்னு ரெக்கார்டே இல்லண்ணா. செகண்ட்ல செராமிக் டிஸ்க் ஒண்ணு விலைக்கு வருது, அதைப் போட்டுட்டா?

இருங்காட்டுக்கோட்டை:
வேண்டவே வேண்டாம். பாரம் குறையும், உண்மை. ஆனா ட்ராக் சூட்டுல அதுக்குள்ள கார்பன் எரிஞ்சு போகும். தேய்மானத்தைத் தடிமன்ல மட்டும் பார்த்தாப் பத்தாது, எடையும் போடணும். அடுத்தவர் ஓட்டினதை எடை போடாம வாங்கினா காசு போச்சு.

பீளமேட்டு718:
ஞாயித்துக்கிழமை அளந்தேன். இடது 0.03. வலது 0.12! கழட்டினா ஹப்ல பழுப்பா துரு, கட்டைவிரல் அகலத்துக்கு. தேய்ச்சு எடுத்துட்டு மாட்டினா 0.04-க்கு வந்துருச்சு. தடிமன் 27.2, டிஸ்க்ல பொறிச்ச எல்லை 26. ஆனா வலது டிஸ்க்ல ஒரு விரிசல் ரெண்டு ஓட்டையை இணைச்சிருக்கு. அதனால முன்பக்கம் ஜோடியா காடி டிஸ்க் சொல்லியாச்சு, பேடும் புதுசு. பின்பக்கம் நல்லா இருக்கு, மாத்தல.

பம்பு பட்டறை:
நல்ல முடிவு. மாட்டறப்ப காடியைப் பார்த்து ஏமாறாதீங்க, டிஸ்க்குக்கு உள்ளே காத்து போக இலை மாதிரி இருக்கிற தடுப்பைப் பாருங்க. வளைஞ்ச தடுப்புன்னா இடது வலது வேற வேற. நம்ம ஊரு பம்பு இம்பெல்லர் மாதிரியேதான்: முன்னாடி ஓடறப்ப இலை வெளிப்பக்கமாப் போகப் போகப் பின்னால சாயணும். மாத்திப் போட்டா காத்து சரியா இழுக்காது, டிஸ்க் வெந்துரும்.

வீல் போல்ட்டை ஏர் கன்ல அடிக்க விடாதீங்க. டார்க் ரெஞ்ச்ல குறுக்கு மாறா 160 நியூட்டன் மீட்டர்.

அப்புறம் பேட் படிய வைக்கணும். காலியான ரோட்ல 100-ல இருந்து 30 வரைக்கும் எட்டு பத்து தடவை அழுத்திப் பிடிங்க, எந்த தடவையும் முழுசா நிக்கக் கூடாது. முடிஞ்சதும் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. வாட்டர் சர்வீஸ் மறுநாள். சுடற டிஸ்க்ல தண்ணி பட்டா புது டிஸ்க்கும் விரிசல் விடும்.

பீளமேட்டு718:
செஞ்சாச்சுண்ணா. டாட் 5.1 ஊத்தி, அதிகாலை அஞ்சு மணிக்கு படிய வெச்சேன். டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறம், திட்டு இல்ல. 120-லயும் ஸ்டீயரிங் அசையல. பழைய வலது டிஸ்க்கை சனிக்கிழமை பட்டறைக்கு எடுத்துட்டு வரேன், பசங்களுக்கு அந்த விரிசலைக் காட்டுங்க.