நுவரெலியாக் குளிரில் பாண் உப்பவில்லை, கேக் அமிழ்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (நுவரெலியா)

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு இடமாற்றம் கிடைத்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குக் குடிவந்திருக்கிறோம். மார்கழி விடுமுறையில் பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார்கள். குளிருக்குப் பசியும் கூடுகிறது. ஆகவே பாண், பணிஸ், கேக் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிசைந்து மூடிவைத்த மா ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகிவிடும். இங்கேயும் அதே அளவுகள்தான், அதே ஓவன்தான், ஆனால் மூன்று மணித்தியாலம் கழித்துத் திறந்து பார்த்தாலும் மா வைத்தபடியே இருக்கிறது. அதைச் சுட்டால் பாண் இறுகிக் கனத்துப் போகிறது. கேக்கோ இதற்கு நேர்மாறு. ஓவனுக்குள் வைத்துச் சிறிது நேரத்தில் அச்சின் விளிம்பு வரை எழும்பி, வெளியே எடுப்பதற்கு முன்னரே நடுவில் பள்ளம் விழுந்து, அடிப்பகுதி ஈரமாக நின்றுவிடுகிறது. மாமி ஈஸ்டைக் கூட்டிப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பேக்கிங் பவுடரைக் கூட்டச் சொல்கிறார். நத்தாருக்கு உறவினர்கள் வர இருப்பதால், மலைநாட்டில் நெடுங்காலம் வீட்டில் பேக்கிங் செய்பவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (ஹட்டன்)

வணக்கம் சகோதரி. எங்கள் குடும்பத்தினர் பேக்கரித் தொழிலில் இருந்தவர்கள். போறணை மூட்டும் வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் பாண் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் ஈஸ்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஈஸ்ட் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். யாழ்ப்பாணத்துச் சமையலறை அந்தச் சூட்டை உங்களுக்குச் சும்மாவே தந்தது. நுவரெலியாவில் மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும்; சில விடியற்காலைகளில் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி படியும். மாப்பை, முட்டை, கிண்ணம், பிசையும் பலகை எல்லாமே அந்தக் குளிரில் ஊறிக் கிடப்பதால், நீங்கள் விடும் வெதுவெதுப்பான தண்ணீரின் சூட்டைப் பிசையத் தொடங்கியதுமே அவை இழுத்துக்கொள்கின்றன. ஈஸ்டைக் கூட்டினால் மா ஓரளவு வேகமாக எழும்பும் என்பது உண்மைதான். ஆனால் பாணில் ஈஸ்ட் வாடை அடிக்கும், சுவை குன்றும், மறுநாளே வறண்டு உதிரும். கூட்ட வேண்டியது சூட்டைத்தான்.

அதற்கு எளிய வழி ஒரு ரெஜிஃபோம் (சூடு வெளியேறாத வெள்ளை நுரை) பெட்டி. மீன் கடையில் கிடைப்பதைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். பிசைந்த மாவை மூடிய கிண்ணத்தோடு அதற்குள் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றையும் வைத்து மூடிவிட்டால், உள்ளே யாழ்ப்பாணத்து வெயில் வந்துவிடும். பெட்டி இல்லாவிட்டால், அணைத்து வைத்திருக்கும் ஓவனின் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் கொதிநீரை வைத்து மேல்தட்டில் மாவை வைக்கலாம். மாப்பிசையும் தண்ணீர் கைக்கு இதமான சூட்டில் இருந்தால் போதும். கொதிநீரை ஊற்றினால் ஈஸ்ட் இறந்துவிடும்.

இன்னொரு வழியையே நான் அதிகம் விரும்புகிறேன். குளிரோடு மல்லுக்கட்டாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 500 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் மட்டும் போட்டுப் பிசைந்து, மூடிச் சமையலறையிலேயே வைத்துவிட்டு உறங்கப் போங்கள். விடியும்போது மா தானாக எழும்பியிருக்கும். எழும்பாவிட்டால் காலையில் சிறிது நேரம் பெட்டிக்குள் வைக்கலாம். மெதுவாகப் புளித்த மாவில் வரும் வாசனை அவசரத்தில் உப்பவைத்த மாவில் ஒருநாளும் வராது.

எதுவானாலும் மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அச்சில் வைத்த மாவில் மாத் தொட்ட விரலால் மெல்ல அழுத்தினால் குழி உடனே மேலே வந்துவிடக் கூடாது. தயங்கித் தயங்கி, பாதிவரை நிரம்பினால் ஓவனுக்குள் வைக்கும் பதம். குழி எழும்பாமலே நின்றால் மா அளவுக்கு மிஞ்சி உப்பிவிட்டது.

மறுமொழி 2 (நுவரெலியா)

நான் இந்நகரில் விஞ்ஞானம் கற்பிப்பவள். ஹட்டன் நண்பர் பாணைப் பற்றி எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். கேக்கின் சிக்கலுக்கோ குளிர் காரணமல்ல, உயரமே காரணம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் பரிகாரம் தேடுவதால்தான் வீடுகளில் மாவும் முட்டையும் வீணாகின்றன.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு அளவே. அழுத்தம் குறைந்த இடத்தில் வாயு அதிகமாக விரியும் என்பதால், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ எழுதப்பட்ட அளவில் பேக்கிங் பவுடர் போட்டால், மாவும் முட்டையும் வெந்து உறுதியாவதற்கு முன்பே குமிழிகள் பெருத்து, சுவர் மெலிந்து உடைந்துவிடுகின்றன. அதனால்தான் கேக் எழும்பி அமிழ்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை நல்லெண்ணத்தில் வந்ததாயினும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். பேக்கிங் பவுடரை நான்கில் ஒரு பங்கு குறையுங்கள். அத்தோடு ஒரு கப் சீனிக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்து, ஒரு கப் பால் சேர்க்கும் இடத்தில் மூன்று மேசைக்கரண்டி கூடுதலாகச் சேருங்கள். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால் மாவின் ஈரம் சீக்கிரம் வற்றுகிறது. ஈரம் வற்ற வற்றச் சீனி செறிந்து, கேக் உறுதியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஓவன் சூட்டையும் 10 பாகை அளவு கூட்டினால், குமிழிகள் உடைவதற்கு முன் கேக் பிடித்துக்கொள்ளும்.

இந்த உயரம் பாணுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். சூடான பெட்டிக்குள் வைத்துவிட்டால், இங்கே மா கடலோரத்தைவிட வேகமாக உப்பி மிஞ்சிவிடக்கூடும். ஆகையால் விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனை மிக அவசியம்.

பட்டர் குளிரில் இளகாது. கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரின்மேல் சில நிமிடங்கள் வைத்து, விரல் அழுந்தும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள், உருக விடக் கூடாது. முட்டைகளையும் உடைக்காமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வையுங்கள். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் அடித்த பட்டர் திரிந்துவிடும்.

மறுமொழி 3 (தலவாக்கலை)

தங்கச்சி, நாங்கள் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். ஓவன் இல்லாத வீடுகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். கனத்த அலுமினியச் சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் கேக் அச்சை வைத்து மூடி, கீழே தணிந்த நெருப்பும் மூடியின்மேல் தணலுமாக வைத்தால் கேக் நன்றாக வேகும். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் சுள்ளி) அடுப்பு மூட்டத்தான் உதவும், சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும். மூடியின்மேல் வைக்கும் தணலுக்குத் தடித்த கட்டை வேண்டும். தணல் நரைக்கத் தொடங்கும்போது மாற்றாவிட்டால் மேற்பக்கம் வெளுத்துப்போகும்.

பிள்ளைகள் வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாப்பிசைவதை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாலையில் அடுப்பு எரியும் நேரத்தில்தான் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறோம். பெரியவன் பிசைவான், சின்னவள் பணிஸ் உருட்டுவாள், அவர்களுடைய அப்பா சீனிச் சம்பலுக்கு வெங்காயம் அரிவார். மலைக்குப் போய்வந்த களைப்பில் நான் உட்கார்ந்தபடி சொல்லிக் கொடுத்தால் போதும். சுட்ட பணிஸைப் பிய்த்துச் சம்பலை வைத்துத் தேத்தண்ணியோடு சாப்பிட்டால், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் உளமார்ந்த நன்றி. இரவே பிசைந்து வைத்த பாண் இன்று காலை மிருதுவாக வந்தது. மாமியே இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்குக்கும் சீனி, பால் அளவுகளை இவ்வாறே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 4 (பண்டாரவளை)

ரிச் கேக்கை அதிகம் மாற்றத் தேவையில்லை. அது வறுத்த ரவையாலும் முட்டை மஞ்சட்கருவாலும் ஆனது. பெரும்பாலான வீடுகளில் பேக்கிங் பவுடர் சேர்ப்பதில்லை என்பதால், உப்பி அமிழும் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளைக்கருவை அடித்துச் சேர்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், நுனி விறைத்து நிற்கும்வரை அடிக்காமல், தூக்கினால் நுனி வளைந்து சரியும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். கஜு, பிளம்ஸ், பூசணித் தோசி (சீனிப்பாகில் பதப்படுத்திய பூசணி) ஆகியவற்றைச் சிறிதாக அரிந்து, தேனும் பிராந்தியும் பன்னீரும் விட்டு ஊறவைப்பதை இன்றே தொடங்கலாம். ரவையை வறுத்த இளஞ்சூட்டிலேயே பட்டரோடு கலந்து வைத்தால், கட்டியான பட்டரோடு போராட வேண்டியதும் இல்லை.

ஓவன் சூட்டைக் கூட்டும் விதியை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். அச்சின் அடியிலும் பக்கங்களிலும் பத்திரிகைத்தாளைப் பல மடிப்பாக இட்டு, அதன்மேல் எண்ணெய்த்தாள் விரித்து, 150 பாகையில் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக மெதுவாகவே வேகவையுங்கள். மேற்பக்கம் முன்கூட்டியே சிவந்தால் இன்னொரு தாளால் மூடிவிடலாம். கேக்கை அன்றே வெட்ட வேண்டாம். அச்சிலேயே ஓர் இரவு ஆறவிட்டு மறுநாள் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்த்தாளில் சுற்றிக் காற்றுப்புகாத தகரப்பெட்டியில் அடுக்குங்கள். தை மாதக் காற்று வறண்டிருக்கும், திறந்து வைத்தால் ஓரங்கள் காய்ந்துவிடும். நன்றாகச் சுற்றி வைத்தால் பொங்கலுக்கு வரும் விருந்தினருக்கும் அதே தகரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.