சுரை, பீர்க்கு, பாகல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் வீடு, இரண்டு மாடிக்கு மேலே மொட்டைமாடி, நல்ல வெயில். கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது என்பதால் இந்த வருடம் ஆடிப்பெருக்கு அன்று பந்தல் காய்களுக்கு விதை போட்டேன். சுரை, பீர்க்கு, புடலை, பாகல் நான்கும். சுரையும் பீர்க்கும் பெரிய டிரம்மில், மற்றவை பெரிய பையில், பைக்கு ஒரு செடிதான். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு கலந்த மண்.

கொடி என்னவோ அருமையாக ஓடியிருக்கிறது. கம்பிப் பந்தல் முழுக்க இலை. காலையில் ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் கீழே இறங்கவே மனசு வராது, அந்த நிழலில் நின்று காபி குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். ஆனால் காய்? பிஞ்சு விடுகிறது, விரல் நீளம் கூட வருவதில்லை, நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. பீர்க்கும் சுரையும் ரொம்ப மோசம். பாகல் கொஞ்சம் பெரிதாகி அப்புறம் அழுகுகிறது. பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்துப் பார்த்தேன், இலை இன்னும் செழித்ததே தவிர பிஞ்சு நிற்கவில்லை. வேலையிலிருந்து திரும்ப ராத்திரி ஏழரை ஆகிவிடும், அதனால் எதுவானாலும் காலையில் செய்கிற மாதிரி இருந்தால் நல்லது. என்ன குறை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கீரைப்பாத்தி:

அக்கா, தேமோர் கரைசல் கொடுத்துப் பாருங்கள். மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் புளிக்க வைப்போமே, அதுதான். வேளச்சேரியில் எங்கள் மாடியில் மிளகாய், தக்காளியில் பூ உதிர்வதற்கு அதைத்தான் தெளிக்கிறேன், நன்றாகவே கேட்கிறது. மர சாம்பல் கிடைத்தால் மாதம் ஒரு முறை தூரிலிருந்து தள்ளி ஒரு கைப்பிடி தூவுங்கள். பந்தல் நிழலில் காபி என்று எழுதியதைப் படித்ததும் பொறாமையாக இருக்கிறது, எங்கள் மாடியில் பந்தல் போட வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை!

பொருநைத்தோட்டம்:

தங்கச்சி சொன்ன தேமோர் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிளகாய், தக்காளிக் கதை வேறு, கொடிக்காய் கதை வேறு. அவற்றில் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும், காற்றில் ஆடினாலே போதும். சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மகரந்தத்தை யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காய் நிற்கும். இல்லையென்றால் நீங்கள் என்ன ஊற்றினாலும், என்ன தெளித்தாலும் அந்தப் பிஞ்சு மஞ்சளாகித்தான் விழும்.

அம்மா, இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் 'பிஞ்சு விடுகிறது' என்று சொல்வது உண்மையில் இன்னும் காய்க்காத பெண் பூ. பூ மலரும் முன்பே அதன் அடியில் குட்டிக் காய் மாதிரி இருக்கும். ஆண் பூவுக்கு அது கிடையாது, வெறும் காம்புதான். சுரையில் ஆண் பூவின் காம்பு நீளமாக இருக்கும், பீர்க்கில் ஆண் பூக்கள் கொத்தாக வரும், பெண் பூ ஒற்றையாக நிற்கும்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன், உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பாகலும் பூசணியும் விடிகாலையில் மலரும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும். புடலை இருட்டின பிறகுதான் விரியும். நீங்கள் மாடிக்குப் போவதோ காலையில்! சாயங்காலப் பூவுக்கு வயல்காட்டில் அந்துப்பூச்சி வரும், இருக்கிற தேனீயும் வெளிச்சம் மங்குவதற்குள் வந்துபோகும். ஊருக்கு நடுவில் இரண்டு மாடி ஏறி எத்தனை வரும்? அதனால் வேலை முடிந்து வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு நடை மேலே போங்கள், ஏழரை மணி சரியான நேரம்தான். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்கள். அமுக்கித் தேய்க்க வேண்டாம். ஒரு ஆண் பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தடவலாம். சுரைப் பூவுக்குச் சுரை, பீர்க்குக்குப் பீர்க்கு, மாற்றித் தடவினால் பயன் இல்லை. காய் பிடித்துவிட்டால் சில நாளில் காம்பு தடித்துக் காய் கீழ்நோக்கித் தொங்க ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால் தோட்ட வேலையிலேயே இந்த அந்தி வேலைதான் பிடித்தமானது. பொழுது சாயும்போது பீர்க்கம்பூ ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் மட்டும் மேலே போகிறவர்களுக்கு வாடின பூதான் கண்ணில் படும். புடலம்பூ இன்னும் அழகு, இதழ் ஓரமெல்லாம் வெள்ளை நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன், தடவுகிற வேலையை அவர்களே பிடுங்கிக்கொள்வார்கள்.

செம்மண்காடு:

மேலே ஐயா சொன்னது பீர்க்கு, சுரைக்கு நூற்றுக்கு நூறு சரி. பாகலுக்கு மட்டும் எனக்கு வேறு சந்தேகம். பெரிதாகி அழுகுகிறது என்கிறீர்கள். விழுந்த பாகலை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. ஈ பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும், வெளியே ஒரு சின்னப் புள்ளியும் கொஞ்சம் பிசினும்தான் தெரியும். இதற்கு மருந்தடித்துப் பயனில்லை, புழு உள்ளே இருக்கிறது.

காய் பிடித்தது உறுதியானதும் பழைய பருத்தித் துணியிலோ செய்தித்தாளிலோ ஒரு பை செய்து மாட்டிவிடுங்கள், அடியில் காற்றுப் போக வழி இருக்கட்டும். இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவதாக இருந்தால் கடையில் கேட்டு வாங்குங்கள்: மாம்பழ ஈக்குக் கொடுக்கிற மெத்தில் யூஜினால் வில்லை பாகலுக்கு வரும் ஈயைப் பிடிக்காது, இதற்குக் கியூ லூர் என்று தனியாக இருக்கிறது. அதுவும் ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும், அதனால் பையை மாட்டுவதை விட்டுவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம், விழுந்த காயைத் தயவுசெய்து உரத்தொட்டியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்குக் கொடுங்கள்.

பஞ்சகவ்யத்தையும் தொழு உரத்தையும் இப்போதைக்குக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். தழைச்சத்து கூடினால் கொடி இலையாகவே ஓடும், ஆண் பூவே அதிகம் வரும். சுரைக்குத் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும், பெண் பூ அதில்தான் கூடுதலாக வரும்.

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாகலை அறுத்துப் பார்த்தேன், செம்மண்காடு சொன்னது அப்படியே, உள்ளே புழு. மாமியாரின் பழைய வேட்டித் துணியில் பைகள் தைத்து மாட்டியாகிவிட்டது, தைத்தது அவர்தான்.

பீர்க்கம்பூ அந்தியில் மலரும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை ஐயா! ராத்திரி டார்ச்சோடு மேலே போனால் பந்தல் பூராவும் மஞ்சள். சுரைப்பூவும் வெள்ளையாக விரிந்து கிடந்தது. மகள் பள்ளிப் பாடத்தில் படித்த மகரந்தச் சேர்க்கையைக் கையால் செய்கிறேன் என்று ஒவ்வொரு பெண் பூவாகத் தேடித் தேடித் தடவினாள். தடவின பிஞ்சில் பாதிக்கு மேல் நின்றுவிட்டது. ஒரு பீர்க்கு இப்போது என் முழங்கை நீளம். தோலைத் துவையலுக்கு எடுத்து வை என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். சாயங்காலம் மழை வந்தால் என்ன செய்வது? தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், திரும்பி வரும்வரை காய்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பொருநைத்தோட்டம்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. மழையில் மகரந்தம் கரைந்துவிடும். மழை வரும்போல் இருந்தால் மலரப் போகிற ஆண் பூவை மொட்டாகவே காம்போடு பறித்து வந்து வீட்டுக்குள் தண்ணீரில் வைத்துவிடுங்கள், உள்ளேயே விரியும். தடவின பெண் பூவின் மேல் சின்னக் காகிதக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

ஐப்பசி மழையில் தண்ணீர் குறைவதை விடத் தேங்குவதுதான் ஆபத்து. கிளம்பும் முன் டிரம்மின் வடிகால் துளைகள் அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். மழை இல்லாமல் போகலாம் என்பதால் மேல்மண்ணில் தென்னை மட்டையோ காய்ந்த சருகோ மூடாக்காகப் பரப்பி வையுங்கள், பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். கூலியாக அந்த வாரக் காய் முழுக்க அவர்களுக்கு என்று சொல்லிவிடுங்கள். அது உங்களுக்கும் நல்லது, காயைப் பறிக்காமல் முற்ற விட்டால் கொடி புதுப் பெண் பூ விடுவதைக் குறைத்துவிடும். சுரையில் நகம் எளிதாக இறங்குகிற பதத்தில் பறிக்கச் சொல்லுங்கள், பீர்க்கை நார் ஓடும் முன்பு. விதைக்கு மட்டும் நன்றாகத் திரண்ட ஒரு சுரையை நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.