மறுமொழி: ‘நாவிஸ் கிளாஸ்’ – பிரிவா, வகுப்பா, வரிசையா?

அனைவருக்கும் வணக்கம். கூம்புகள் நட்ட தடத்தில் கார் ஓட்டும் ‘ஆட்டோகிராஸ்’ போட்டியில், புதியவர்களின் முடிவுகளைத் தனியாகப் பட்டியலிடும் ஏற்பாடுதான் ‘நாவிஸ் கிளாஸ்’. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘கற்றுக்குட்டிப் பிரிவு’ என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும் என்பது உண்மைதான். ஆனால் முடிவுப் பட்டியலில் தன் பெயருக்கு மேலே அந்தச் சொல்லைப் பார்ப்பவர் அடுத்த மாதம் வருவாரா? கற்றுக்குட்டி என்பது அரைகுறையாகக் கற்றவரை இகழும் சொல். அமெரிக்க ஆட்டோகிராஸ் மன்றங்களோ ஒருவர் இதுவரை எத்தனை போட்டிகளில் ஓட்டினார் என்பதை வைத்தே ‘நாவிஸ்’ என்கின்றன. இருபது ஆண்டுகள் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவரும் அங்கே முதல் நாளில் புதியவர்தான்.

> அப்படியானால் ‘தொடக்கநிலை வகுப்பு’?

இது பாடம் நடக்கும் இடத்தைக் குறிப்பதுபோல் இருக்கிறது. புதியவர்களுக்கான பயிற்சி நாட்களைப் பல மன்றங்கள் தனியாகவே நடத்துகின்றன. அவற்றுக்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வைக்குமுன் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ கூம்புகளை நட்டுத் தடம் அமைக்கிறார்கள். ஓட்டுநர்கள் கடிகாரத்தோடுதான் போட்டியிடுகிறார்கள். முன்னால் போகும் காரை முந்தும் ஓட்டம் அன்று. நேரத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். ஒரு கூம்பு சாய்ந்தால் 2 வினாடி கூடும்; ஒரு வாயிலை (கூம்புகளுக்கு நடுவே புகுந்து செல்லவேண்டிய வழியை) தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. 1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் மன்றம், ‘சோலோ’ என்ற பெயரில் இதை நடத்துகிறது. அதன் விதிகள் காரைத்தான் பிரிக்கின்றன: எந்த மாடல், என்ன டயர், எவ்வளவு மாற்றம் செய்திருக்கிறது என்று.

நம் தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயமும் அப்படித்தான். பெரியமாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று மாட்டைப் பார்த்துப் பிரிக்கிறோம். சாரதிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று யாரும் கேட்பதில்லை. ‘பிரிவு’ என்ற சொல் இந்த வகைக்குப் பொருந்தும்.

ஆனால் புதியவர் ஏற்பாடு ஆளைப் பார்க்கிறது. சிறிய காரான மியாட்டா ஓட்டுபவரும் வலிமை மிகுந்த கார்வெட் ஓட்டுபவரும் ஒரே பட்டியலில் வருவார்கள். அவர்களை ஒப்பிட, பல மன்றங்கள் ஒவ்வொரு கார்ப் பிரிவுக்கும் உரிய ‘பேக்ஸ்’ எண்ணால் நேரத்தைப் பெருக்குகின்றன. ஒரு பிரிவின் எண் 0.8 என்று வைத்துக்கொண்டால், 60 வினாடி 48 ஆகும். புதியவர்கள் ஓடுவது மற்றவர்கள் ஓடும் அதே தடத்தில்தான். தனியாக இருப்பது பட்டியல் மட்டுமே. ஆகவே ‘வரிசை’ என்பதே என் முன்மொழிவு. பிரிவு என்று சொல்லும்போது ஒதுக்கிவைத்தது போன்ற பொருள் வந்துவிடுகிறது.

> கடிகாரம்தானே எதிரி, எதற்குத் தனிப்பட்டியல்?

என் முதல் போட்டி இன்னும் நினைவிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் எங்கும் கூம்புகள். தடம் எங்கே திரும்புகிறது என்றே தெரியவில்லை. ஒரு நிமிடத் தடத்தில், எங்கள் கார்ப் பிரிவில் முதலிடம் பெற்றவரைவிடப் பல வினாடிகள் பின்தங்கினேன். அந்த இடைவெளியிலிருந்து நான் எதையும் கற்கவில்லை. புதியவர் பட்டியலில் எனக்கு அரை வினாடி முன்னால் இருந்தவரைப் பார்த்துத்தான் அடுத்த ஓட்டத்தில் பிரேக்கைச் சற்று முன்னதாக மிதித்தேன். அந்த அரை வினாடிக்காகவே இந்தப் பட்டியல் வேண்டும் என்கிறேன். ஆனால் ஒருவர் ஒரு போட்டிப் பருவத்துக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. அதற்கு மேல் விட்டால், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் கோப்பைக்காக அங்கேயே தங்கிவிடுவார்கள். பக்கத்து இருக்கையில் அனுபவசாலி ஒருவரை அமர்த்தாமல் பட்டியலை மட்டும் பிரித்துக் கொடுக்கும் மன்றம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

‘புதியோர்’ வேண்டாம். ஓரெழுத்து பிசகினால் ‘முதியோர்’ ஆகிவிடும். ‘புதியவர் வரிசை’ என்று எழுதலாம். ‘ஆட்டோகிராஸ்’ அப்படியே இருக்கட்டும். பிரிட்டனில் அது புல்வெளியிலும் மண்தடத்திலும் ஓடும் வேறு பந்தயத்தின் பெயர் என்பதால், ‘கூம்புத்தட ஓட்டம்’ என்ற விளக்கத்தை முதல் முறை மட்டும் சேர்த்தால் போதும்.

‘பேக்ஸ்’ எண்ணுக்கு ‘ஈட்டெண்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஈடு செய்யும் எண் என்ற பொருளில்தான். ஈட்டுவதோடு குழப்பம் வருமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.