மூட்டைக்கு நாற்பது ரூபாய் ‘கறக்கிறார்கள்’: மனுவில் இதை எந்தச் சொல்லால் எழுதுவது?

கோரையாற்றுக்காரி

நீடாமங்கலம் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல் எடுத்துத் தருவது, மனு அடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் பாதி மனு நெல் போடுவதைப் பற்றித்தான் இருக்கும்.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். வேட்டி மடிப்பில் நெல் சுணை ஒட்டியிருந்தது. ஒரு கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து எட்டு நாள் காத்துக்கிடந்து, கடைசியில் கேட்டதைக் கொடுத்துத்தான் எடை போட்டிருக்கிறார். “மூட்டைக்கு நாப்பது ரூவா கறக்குறானுவம்மா, அத எழுது” என்றார்.

‘வசூல் செய்கிறார்கள்’ என்று அடித்து வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. “வசூல்னா மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டுப் போட்டு வாங்குறதும்மா. இது அதுவா?” சரி என்று அழித்துவிட்டு ‘கேட்கிறார்கள்’ என்று போட்டேன். “கேட்டா இல்லன்னு சொல்லலாமே?” என்றார். ‘மிரட்டிப் பறிக்கிறார்கள்’ என்று மாற்றினால் அவரே தயங்குகிறார். “யாரும் மிரட்டலியேம்மா. அதட்டி ஒரு வார்த்தை பேசல. ‘ஈரம் இருக்கு பெரியவரே, காயட்டும்’னாரு. அவ்வளவுதான்.”

எனக்குச் சிக்கலே அந்தக் ‘காயட்டும்’தான். வானம் மூடிக்கிடக்கிறது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினால் அடிநெல் வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்பது விதி, அது எல்லாருக்கும் தெரியும். பணம் கொடுத்தவர் நெல்லுக்கு மட்டும் அங்கே ஈரம் அளக்கும் கருவி பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. என் அப்பாவும் போன வருஷம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். வீட்டில் அம்மாவிடம் ‘டிராக்டர் வாடகை கூடிப்போச்சு’ என்று கணக்குச் சொன்னார். கொடுத்ததைச் சொல்ல அவருக்கு வெட்கம். வாங்கியவருக்கு அது இல்லை. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

குரலை உயர்த்தாமல், வேறு வழியே இல்லாமல் செய்து வாங்குவதற்கு மனுவில் நிற்கக்கூடிய ஒரு வினைச்சொல் வேண்டும். கற, பிடுங்கு, உருவு, பறி என்று பேச்சில் நிறைய ஓடுகிறது. எது எதற்குப் பொருந்தும்?

வெண்ணாற்றங்கரை

தங்கச்சி, பெரியவர் சொன்னதுதான் பொருத்தமான சொல். மாடு வைத்திருப்பவனுக்கு இது புரியும். கறக்கும்போது மாட்டை யாரும் அடிப்பதில்லை, தடவிக்கொடுத்துத்தான் உட்காருவோம். கன்றை முதலில் ஊட்டவிடுவோம். பால் இறங்கியதும் இழுத்து, மாடு நக்குகிற தூரத்தில் முன்னால் கட்டிவிடுவோம். கன்று கண்ணெதிரே நிற்கிறவரை மாடு காலைத் தூக்காது. அந்த வாசலில் நெல் கிடப்பது கன்று கட்டிக்கிடப்பது மாதிரிதான். நெல்லை விட்டுவிட்டு நாம் எங்கே போவோம்?

பிடுங்குவது வேறு. நாற்றுப் பிடுங்குவதுபோல வேரோடு ஒரே இழுப்பு. வட்டிக்காரன் வண்டியை எடுத்துப் போனால் ‘புடுங்கிட்டுப் போயிட்டான்’ என்போமே தவிர ‘கறந்துட்டான்’ என்று எவனும் சொல்லமாட்டான். கறக்கிறவனுக்கு மாடு நாளைக்கும் வேண்டும், அதனால்தான் நாற்பதோடு நிறுத்துகிறான். உருவுவது நமக்குத் தெரியாமல் எடுப்பது. 40 கிலோ மூட்டையில் ஒரு கிலோ கூடுதலாகப் பிடித்தால் அதை உருவல் எனலாம்.

பழைய குமாஸ்தா, கும்பகோணம்

வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. ‘கறக்கிறார்’ என்று நீங்களாக எழுதினால் வசவு என்று தள்ளிவிடுவார்கள். பெரியவர் சொன்னதாக மேற்கோள் குறிக்குள் வையுங்கள், அப்போது அது அவர் வாக்குமூலம்.

மிரட்டிப் பறித்தல் என்பது தனிக் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 383-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 308. தீங்கு வரும் என்ற பயத்தை உண்டாக்கிப் பொருளைக் கொடுக்கச் செய்வதுதான் அதன் சாரம். கத்த வேண்டும், கத்தியைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சட்டத்தில் இல்லை. உடம்புக்கு வரும் தீங்கு மட்டும்தான் கணக்கு என்றும் இல்லை, சொத்துக்கு வருவதும் தீங்குதான்.

ஆனால் வாங்கியவர் அரசு ஊழியர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு. அங்கே நீங்கள் அழித்த ‘கேட்டார்’தான் உயிர். கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தையில் கேட்டார் என்று அப்படியே எழுதுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவர் மேலும் வழக்கு வரும். ‘கொடுத்தேன்’ என்று மொட்டையாக எழுதினால் பெரியவரே மாட்டிக்கொள்வார். கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் கொடுத்த 7 நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவிக்க வேண்டும். அவர் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று? முதலில் அதைக் கேளுங்கள்.

ஓடம்போக்கி

திருவாரூரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கேட்டா இல்லன்னு சொல்லலாமே’ என்ற பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. ஈ, தா, கொடு மூன்றுமே கேட்கிற சொற்கள்தான் என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், சமமானவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் சொல்லையே மாற்றுகிறது.

குறள் 552-ஐப் பாருங்கள். ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.’ வேலோடு வழிமறிப்பவன் ‘இடு’ என்று அதட்டுகிறான். கோலோடு நிற்பவன், அதாவது ஆட்சிக்கோல் பிடித்த அரசன், செய்வதற்கு வள்ளுவர் வைத்த சொல் ‘இரவு’, அதாவது இரப்பது. அவன் அதட்டவில்லை. கையில் கோல் இருப்பதே போதுமாக இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கோல் ஈரப்பதக் கருவி.

உங்களுக்கு வேண்டியது தனிச்சொல் இல்லை என்று நினைக்கிறேன். ‘வை’ என்ற துணைவினை போதும். நிற்க வைத்தார், காக்க வைத்தார், கொடுக்க வைத்தார். கொடுத்தது பெரியவர் கைதான், ஆனால் வாக்கியத்தின் எழுவாயாக நிற்பவர் வாங்கியவர்.

கோரையாற்றுக்காரி

எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயா, கொடுத்தது திங்கள்கிழமை, இன்று புதன். நாள் இருக்கிறது.

இப்படி அடித்திருக்கிறேன்: ‘ஈரம் இருக்கு பெரியவரே, காயட்டும் என்று சொல்லி எட்டு நாள் என்னைக் காக்க வைத்தார். பிறகு மூட்டைக்கு 40 ரூபாய் கேட்டார். நெல் முளைத்துவிடும் என்ற பயத்தில் இருந்த என்னை 112 மூட்டைக்கு 4,480 ரூபாய் கொடுக்க வைத்தார்.’

பெரியவர் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ‘காக்க வைத்தார்’ என்ற இடத்தில் தலையை ஆட்டினார். அப்புறம் அவர் சொன்ன ‘கறக்குறானுவ’ கீழே மேற்கோளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் காலையில் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போகிறார். கடையை மத்தியானம் வரைக்கும் அடைத்துவிட்டு நானும் கூடப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.