பின்வயல் ட்ரையர் சத்தம்: எங்கடை தெருக் குழு

நிரோஷா: பின்னாலை வயல்காரற்றை சோளன் காயவைக்கிற ட்ரையர் இரவிரவா இரையுது. போதாததுக்கு நேற்றிலையிருந்து எரு மணம். சிற்றி பைலோவுக்கு (நகரசபை விதி பாக்கிற இடத்துக்கு) அடிச்சால் நிப்பாட்டுவினமோ?

ரமணன்: மாட்டினம். இங்கை கனடா ஒன்ராறியோவிலை 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, விவசாய, உணவு உற்பத்திப் பாதுகாப்புச் சட்டம். வழமையான பண்ணை நடைமுறையைச் சிற்றியின்ரை பைலோ கட்டுப்படுத்தாது. இரைச்சல் பைலோவும் அப்பிடித்தான்.

ரமணன்: மணம், தூசி, இலையான், வெளிச்சம், புகை, சத்தம், அதிர்வு. நடைமுறை வழமையானது எண்டால் இந்த ஏழுக்கும் தொல்லை எண்டு வழக்காடி வெல்லேலாது.

குகன்: ட்ரையர் போன வருசம்தானே பூட்டினவர். நாங்கள் அதுக்கு முதலே வந்திட்டம்.

ரமணன்: ஆர் முதல் வந்தது எண்டதை இந்தச் சட்டம் கேக்காது. கலிஃபோர்னியாவிலை எண்டால் இந்த மாதிரிப் பாதுகாப்புக் கிடைக்கப் பண்ணைத் தொழில் 3 வருசத்துக்கு மேலை நடந்திருக்க வேணும். இங்கை முக்கியமான கேள்வி: இதே மாதிரிச் சூழலிலை இருக்கிற மற்றப் பண்ணையளும் இப்பிடித்தான் செய்யுதோ?

வசந்தி அக்கா: வீடு வாங்கேக்கை கையெழுத்து வச்ச அக்ரிமென்ரையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. பண்ணை மணம், சத்தம் எண்டு எச்சரிக்கை போட்டிருப்பினம். ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.

வசந்தி அக்கா: சோளன் வெட்டேக்கை ஈரப்பதன் 25 வீதத்துக்குக் கிட்ட இருக்கும். 15.5க்கு இறக்காட்டில் குதத்துக்கை சூடேறிப் பூஞ்சணம் பிடிச்சிடும். அதாலைதான் இரவும் ஓடுது. நிப்பாட்டச் சொல்லாமல், குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஃபான் வாயை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பலாம், மண்மேடு போடலாம். வைக்கோல் கட்டு அடுக்கச் சொல்லிடாதேங்கோ, ட்ரையரின்ரை பேர்னருக்குக் (நெருப்பு எரியிற பக்கத்துக்கு) கிட்ட நெருப்புப் பிடிக்கும். காத்து இழுக்கிற வாயை மறைச்சாலும் ட்ரையர் ஒழுங்கா வேலை செய்யாது.

நிரோஷா: எருவுக்கு என்ன செய்யிறது அக்கா?

வசந்தி அக்கா: பரப்பின கையோடை உழுது தாட்டால் மணம் நல்லாக் குறையும். ரெண்டு மூண்டு நாள் மேலை கிடக்க விட்டால்தான் இந்தப் பாடு. ஊட்டச்சத்து முகாமைச் சட்டத்துக்குள்ளை வாற பண்ணையளுக்கு டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 31 மட்டும் எரு பரப்பக் கட்டுப்பாடு. அதுதான் இப்ப அவசரப்படினம்.

குகன்: அவர் கேக்காட்டில்?

ரமணன்: மாகாண விவசாய அமைச்சின்ரை தகவல் மையத்துக்கு அடியுங்கோ. பொறியியலாளர் இல்லாட்டில் சுற்றாடல் நிபுணர் ஒருத்தர் ரெண்டு பக்கமும் கதைச்சுத் தீர்க்கப் பாப்பார். அதிலையும் சரிவராட்டில்தான் வழமைப் பண்ணை நடைமுறைப் பாதுகாப்பு வாரியம். எழுத்திலை மனு: என்ன இடைஞ்சல், உங்கடை பேர் விலாசம், அவற்றை பேர் விலாசம், பண்ணை எங்கை இருக்கு. வாரியம் தள்ளுபடி செய்யலாம், நிப்பாட்டச் சொல்லலாம், மாத்திச் செய்யச் சொல்லலாம். வீம்புக்குப் போட்ட மனு எண்டு பட்டால் விசாரிக்கவே மறுக்கலாம்.

குகன்: நேரே கோட்டுக்குப் போனால்?

ரமணன்: வாரியத்துக்கு மனுப் போட்டு 90 நாள் போகாமல் தொல்லை வழக்குப் போடேலாது. லோயருக்குக் காசு குடுக்க முதல் இதை யோசியுங்கோ.

வசந்தி அக்கா: இண்டைக்கே குறிப்பெழுதத் தொடங்குங்கோ. திகதி, தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், காத்துத் திசை, எந்த அறையிலை கேட்டது. "எப்பவும் நாறுது" எண்டு எழுதினால் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.

ரமணன்: எரு வாய்க்காலுக்கை ஓடினால் அது வேறை கதை. சுற்றாடல் சட்டத்துக்கு முன்னாலை பண்ணை எண்டு தப்பேலாது. சுற்றாடல் அமைச்சின்ரை கசிவு அறிவிக்கிற லைனுக்கு உடனை அடியுங்கோ, படமும் எடுங்கோ. அடுத்த நாள் போனால் தண்ணி தெளிஞ்சிருக்கும்.

சுதா: அப்ப எங்கடை சேவலையும் இந்தச் சட்டம் காப்பாத்துமோ? 😀

ரமணன்: வருமானம் எதிர்பார்த்துச் செய்யிற பண்ணைக்குத்தான் தங்கச்சி. வீட்டுச் சேவலுக்குச் சிற்றி பைலோதான்.

நிரோஷா: 🐓🙏 நாளைக்குப் பின்னேரம் வயல்காரரோடை கதைக்கப் போறன். ஆர் வாறியள்?