ஒரே கேபிளில் இரண்டு தலை: 3080 கார்டுக்குத் தாங்குமா?

திருமங்கலத்தான்:
சிம்மக்கல்லில் ஒருவரிடம் பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கார்டில் எட்டு பின் சாக்கெட் இரண்டு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் என் 750 வாட் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்து ஒரே கேபிள், நுனியில் இரண்டு தலை. இரண்டையும் மாட்டிவிட்டேன். சும்மா இருக்கும்போது பிரச்சினை இல்லை. கேம் திறந்த பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டு போச்சா?

ஒத்தக்கடை ஒயர்மேன்:
கார்டு மேல் பழி போடாதே தம்பி. 3080-க்குச் சொல்லியிருப்பதே 320 வாட். மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75. மிச்சம் 245 வாட்டும் உன் ஒற்றைக் கேபிளில் போகிறது. 12 வோல்ட்டுக்கு அது 20 ஆம்பியர். அதைச் சுமப்பது மூன்றே கம்பி. எட்டு பின் சாக்கெட் ஒன்றுக்கு விதித்ததே 150 வாட்தான். எங்கள் வீட்டில் மைக் செட் தொழில். ஒரே வயரில் போக்கஸ் லைட்டாக ஏற்றிக்கொண்டே போனால் பிளக் எப்படி இளகும் என்று சின்ன வயதிலேயே பார்த்தவன் நான். தனித்தனிக் கேபிள் போடு.

மாட்டுத்தாவணி மணி:
அண்ணே, மைக் செட்டில் வயரை இழுப்பது நாம். இதில் இரண்டு தலை வைத்துக் கொடுத்ததே எஸ்எம்பிஎஸ் செய்தவன். ஒன்றைத்தான் மாட்டணும் என்றால் இன்னொன்று எதற்கு, அழகுக்கா? 150 என்பது சாக்கெட்டுக்கு வைத்த வரம்பு, கம்பி கருகும் அளவு இல்லை. கம்பிக்கு 7 ஆம்பியர்கூட வரவில்லை. 18 கேஜ் தடிமன் செம்பு அதைத் தாங்கும். என் 220 வாட் கார்டு இரண்டு வருடமாக ஒற்றைக் கேபிளில்தான் ஓடுகிறது. கத்திரி வெயிலில் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

ஒத்தக்கடை ஒயர்மேன்:
220-ம் 320-ம் ஒன்றா? 3080 கண் இமைப்பதற்குள் 320-ஐத் தாண்டி எகிறி இறங்கும். சராசரியை வைத்துக் கணக்குப் போடாதே.

மாட்டுத்தாவணி மணி:
எகிறினால் எஸ்எம்பிஎஸ்ஸே பாதுகாப்புக்கு அணைத்துக்கொள்ளும். அது எஸ்எம்பிஎஸ்ஸின் பலவீனம். கேபிளை மாற்றி என்ன ஆகப்போகிறது?

திருமங்கலத்தான்:
அலமாரியில் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்று கிடக்கிறது, வேறு கம்பெனி. முனை அப்படியே பொருந்துகிறது. இரண்டாவதாக அதை மாட்டவா?

மாட்டுத்தாவணி மணி:
ஐயோ, தொடாதே! கார்டுப் பக்கம்தான் எல்லாருக்கும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் மாடலுக்கு மாடல்கூட. 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் கிரவுண்ட் வந்து நின்றால் அவ்வளவுதான். வைகையிலாவது எப்போதாவது தண்ணீர் வரும். போன கார்டு வராது.

ஒத்தக்கடை ஒயர்மேன்:
இதில் மணியோடு எனக்குச் சண்டை இல்லை. பிராசசருக்குப் போகும் சிபியு கேபிளையும் இழுத்து மாட்டிவிடாதே. அதுவும் எட்டு பின்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நாலு நாலாகப் பிரிந்தால் சிபியு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ். எஸ்எம்பிஎஸ் வந்த அட்டைப்பெட்டியைத் துழாவு, இன்னொரு கேபிள் இருக்கும்.

திருமங்கலத்தான்:
இருந்தது, கட்டுகூடப் பிரிக்கவில்லை. பழையதைக் கழற்றும்போது பார்த்தேன், ஒரு தலையில் கிளிப் விழாமல் அரைகுறையாக நின்றிருக்கிறது. இப்போது சாக்கெட்டுக்கு ஒரு கேபிள், இரண்டும் டக்கென்று விழும்வரை அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டேன், ரீஸ்டார்ட் இல்லை.

ஒத்தக்கடை ஒயர்மேன்:
சொன்னேனா இல்லையா?

மாட்டுத்தாவணி மணி:
எங்கே சொன்னீர்கள்? கிளிப் விழாததுதான் கோளாறு. தம்பி, பழைய ஒற்றைக் கேபிளையே ஒழுங்காக அழுத்தி மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டு, தெரிந்துவிடும்.

திருமங்கலத்தான்:
ஆளை விடுங்கண்ணே. மூடியை மூடி ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டேன்.