மறு: 'ஹிஸ்டாரிகல் அக்யூரசி'க்குத் தமிழ்ச்சொல் – மூவரசுக் கால விளையாட்டுகளை வைத்து

நண்பர்களுக்கு வணக்கம். கணினி உத்தி விளையாட்டுகளை விமர்சிக்கும்போது 'ஹிஸ்டாரிகல் அக்யூரசி'க்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று இந்த இழையில் பேசிவருகிறோம். எடுத்துக்காட்டு, ஹான் பேரரசு உடைந்து சீனாவில் வெய், ஷூ, வூ என்ற மூன்று அரசுகள் மோதிய மூவரசுக் காலம். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'வரலாற்றுத் துல்லியம்' என்று நாளிதழ்களிலேயே எழுதுகிறார்கள். புதிதாக இன்னொன்று எதற்கு?

எழுதுகிறார்கள்தான். ஒரு படத்தையோ தொடரையோ பற்றி எழுதும்போது அந்தச் சொல் பெரிதாக இடிப்பதும் இல்லை. உத்தி விளையாட்டுக்கு வந்தால்தான் கால் இடறுகிறது. படத்தில் நடந்தது நடந்தபடி காட்டப்பட்டதா என்று கேட்கலாம். விளையாட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

2019இல் கிரியேட்டிவ் அசெம்பிளி வெளியிட்ட 'டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்' கி.பி. 190இல் தொடங்குகிறது. ஹான் பேரரசின் சிறுவயது மன்னனைக் கைக்குள் வைத்துக்கொண்டு டோங் ஜுவோ ஆட்டிப்படைக்கிறான். கிழக்கே இருக்கும் ஆளுநர்கள் அவனுக்கு எதிராகக் கூட்டணி சேர்கிறார்கள். இதுவரை வரலாறு. நீங்கள் பின்னாளில் வெய் அரசுக்கு அடித்தளமிட்ட படைத்தலைவர் சாவ் சாவ் பக்கம் உட்கார்ந்து முதல் நகர்வை வைத்ததுமே வரலாறு விலகிவிடும், விலகவும் வேண்டும். 208இல் நடந்த செம்பாறைப் போரில் சாவ் சாவ் தோற்றே ஆக வேண்டும் என்றால் அதை யார் விளையாடுவார்கள்? ஆக இங்கே சோதிக்கக்கூடியவை இரண்டுதான்: தொடக்க நிலை, அப்புறம் ஆட்ட விதிகள். யாரிடம் எந்த ஊர் இருந்தது, படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது, குதிரைவீரனால் என்ன முடியும், கோட்டைச் சுவரை எதைக் கொண்டு உடைத்தார்கள், இப்படி. இவை நமக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளோடு ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. இதைத் 'துல்லியம்' என்பது பொருந்தவில்லை.

கோயெய் நிறுவனத்தின் 'ரொமான்ஸ் ஆஃப் த த்ரீ கிங்டம்ஸ்' வரிசை 1985இலிருந்து வருகிறது. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தலைமை, போர், அறிவு, அரசியல் என்று எண்கள் உண்டு. போர்வீரன் லூ பு-வுக்குப் போர்த்திறன் 100, ஷூ அரசின் அமைச்சர் ஜூகே லியாங்குக்கு அறிவு 100. இதைவிடத் துல்லியமாக ஒன்றைச் சொல்ல முடியுமா? ஆனால் அந்த நூறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், அந்தக் காலத்தை வைத்துப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட, விளையாட்டுக்குப் பெயர் தந்த புதினத்திலிருந்து. ஜூகே லியாங் இறந்து அரை நூற்றாண்டு கழித்து வரலாறு எழுதிய சென் ஷோவ், அவரை ஆட்சி நிர்வாகத்தில் தலைசிறந்தவர் என்று போற்றிவிட்டு, களத்தில் நிலைமைக்குத் தக்கபடி மாறும் தந்திரம் அவருடைய பலம் அன்றோ என்னவோ என்று மென்மையாக ஒரு குட்டும் வைத்தார். சரி, அந்த 100 துல்லியமா இல்லையா? துல்லியம்தான். சான்றோடு ஒட்டுகிறதா? ஒட்டவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விமர்சனம் எழுத முடியாது.

> மெய்ம்மை எனலாமே? 'வரலாற்று மெய்ம்மை' கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது.

ஐயா, கம்பீரம்தான் தொந்தரவு. மூவரசுக் காலத்தில் எது மெய் என்று யார் முடிவுசெய்வது? சென் ஷோவ் பிறந்தது ஷூ நாட்டில். அந்த நாடு 263இல் வீழ்ந்த பிறகு ஜின் அரசில் வேலைபார்த்தார். ஜின் தன் ஆட்சியுரிமையை வெய்யிடமிருந்து பெற்றதாகச் சொல்லிக்கொண்ட அரசு. அதனால் அவர் நூலில் வெய் அரசர்களே முறையான பேரரசர்கள். மற்ற இரு பக்கத்தாருக்கும் ஒரு படி கீழேதான் இடம். 429இல் பெய் சோங்ஜி அந்த நூலுக்கு உரை எழுதியபோது, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பல பழைய ஏடுகளை எடுத்து அடியில் கோத்துவைத்தார். நமக்குக் கிடைத்திருப்பது அந்தக் கோவைதான். மெய்ம்மை என்று ஒரே சொல்லில் அடைத்தால் ஏதோ தீர்ப்பு வந்துவிட்டது போல் ஆகிவிடும். நாம் சொல்ல வேண்டியது, 'இன்ன சான்றோடு இது ஒத்துப்போகிறது' என்பது மட்டுமே.

அதனால் என் முன்மொழிவு: சான்றிசைவு.

சான்று + இசைவு. சான்றிசைவான, சான்றிசையாத, சான்றிசைவுக் குறை என்றெல்லாம் வளையும். 'இசைவு' சட்டத் தமிழில் சம்மதத்தைக் குறிக்கிறதே என்று கேட்பீர்கள். குறிக்கிறதுதான். ஆனால் 'சான்று' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. சான்று யாருக்கும் சம்மதக் கடிதம் கொடுப்பதில்லை. இழையில் வந்த 'சான்றொப்பு' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் படித்த உடனே சான்றொப்பமும், பச்சை மையும், அரசு அலுவலக வாசலில் நின்ற நேரமும் நினைவுக்கு வந்துவிட்டன. 'சான்றுப் பொருத்தம்' என்றால் பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று கேட்பார்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் வேண்டும். பார்த்தவுடனே 'ஆகா, அந்தக் காலம்' என்று தோன்றவைப்பது எதுவோ அது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் 'அத்தென்டிசிட்டி' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். இதற்கு இழையில் ஒரு தோழி சொன்ன 'காலச்சாயல்' அருமையாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சான்றிசைவு இல்லாமலே காலச்சாயல் நிரம்பி வழியலாம். ஷூ பக்கத்துத் தளபதி குவான் யூவின் கையிலுள்ள நீண்ட பிடிகொண்ட பிறைவாளைப் பாருங்கள். அது இல்லாமல் அவருக்குச் சிலை கிடையாது, ஓவியம் கிடையாது, விளையாட்டும் கிடையாது. ஆனால் அந்த வகை ஆயுதம் நூல்களில் தெளிவாகத் தெரிவது சோங் அரசமரபின் காலத்தில், எண்ணூறு ஆண்டுகள் கழித்து. கி.பி. 200இல் அவர் எதிர்ப்படைத் தளபதி யான் லியாங்கைக் கொன்றதைச் சென் ஷோவ் எழுதும்போது, ஆயிரக்கணக்கானோர் நடுவே புகுந்து அவனைக் 'குத்தி', பிறகு தலையை வெட்டி எடுத்துவந்தார் என்கிறார். குத்தினார் என்றால் கையில் இருந்தது ஈட்டி வகையாகவே இருக்க வேண்டும்.

இதைப் பிழை என்று தள்ளிவிடலாமா? இங்கேதான் நம் இலக்கணக்காரர்கள் கைகொடுக்கிறார்கள். வழு என்பது பிழை. வழுவமைதி என்பது, பிழைதான் என்றாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது. பிறைவாள் வழுவமைதி, அது இல்லாவிட்டால் திரையில் நிற்பது குவான் யூ என்றே யாருக்கும் தெரியாது. குதிரைவீரன் இரண்டு கால்களையும் அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) ஊன்றி எழுந்து நிற்பதாக வரைந்தால் அது வெறும் வழு. சாங்ஷாவில் 302ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த பொம்மைகளில் ஒற்றை அங்கவடிதான் இருக்கிறது, அதுவும் ஏறுவதற்காக மட்டும். இரு பக்கமும் தொங்கும் அங்கவடி 322ஆம் ஆண்டு நான்ஜிங் கல்லறைப் பொம்மையில்தான் தெரிகிறது. அங்கவடியை எடுத்துவிட்டால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, எனவே அமைதி கொடுக்கக் காரணமும் இல்லை.

> அப்படியானால் அனாக்ரனிசத்துக்கு (ஒரு காலத்துப் பொருள் வேறு காலத்தில் வருவதற்கு) 'காலவழு' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். காலவழு இலக்கணத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. 'இதோ வந்துவிட்டேன்' என்று வீட்டிலிருந்தபடியே சொல்கிறோமே, அதற்கு அமைதி சொல்லும் இடம் அது. 'காலமுரண்' பலரும் எழுதுவதுதான், அதையே வைத்துக்கொள்வோம். முரணுக்கு அமைதி உண்டா இல்லையா என்று பார்க்கும்போது மட்டும் வழு, வழுவமைதி.

காலமுரணைச் சொல்லும்போது பொறிகளின் பெயர்களையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் 'கவண்பொறி' என்று எழுதினால் வேறுபாடே மறைந்துவிடும். 200இல் குவாந்து முற்றுகையில் சாவ் சாவின் எதிரி யுவான் ஷாவோவின் ஆட்கள் மண்மேடு எழுப்பி, உயரமான பரண் கட்டி, சாவ் சாவின் பாளையத்துக்குள் அம்பு பொழிந்தார்கள். உள்ளே நடமாடுபவர்கள் தலைக்கு மேல் கேடயம் பிடித்தபடியே நடக்க வேண்டியிருந்தது. சாவ் சாவ் கல்லெறியும் வண்டிகள் செய்து அந்தப் பரண்களைத் தகர்த்தார். எதிரிகள் அவற்றுக்கு வைத்த பெயர் 'இடி வண்டி'. கயிற்றைப் பல ஆட்கள் ஒரே நேரத்தில் இழுக்க, மறுமுனையிலிருந்து கல் பறக்கும் பொறி அது. ஆளிழு கவண்பொறி எனலாம். ஒரு முனையில் பெரும் எடையைத் தொங்கவிட்டு வீசும் எதிரெடைக் கவண்பொறி சீனாவுக்கு வந்தது மங்கோலியர் சியாங்யாங்கை முற்றுகையிட்டபோது. அந்த நகரம் பணிந்தது 1273இல். இடையில் ஆயிரம் ஆண்டு.

வேடிக்கை என்னவென்றால், 2025 மே மாதம் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'க்கு வந்த மூவரசு விரிவாக்கத்தில் இந்த ஆளிழு பொறியைச் சரியாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே விரிவாக்கத்தைத்தான் பல ரசிகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். அந்த விளையாட்டில் ஒவ்வொரு தரப்பும் ஒரு மக்களினம்: சீனர், மங்கோலியர், பைசாந்தியர். வெய், ஷூ, வூ மூன்றும் ஒரே ஹான் பேரரசு உடைந்ததில் வந்த ஆட்சிகள். அவற்றை மூன்று நாகரிகங்கள் என்று வைத்தால் பொறி போன்ற பொருட்கள் சரியாக இருந்தும் வகை தவறிவிட்டது. இதற்கு வகைமுரண் போதும் என்று நினைக்கிறேன், மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் புதினத்தைத் தழுவிய 'ரொமான்ஸ்' முறை, சென் ஷோவின் வரலாற்றைத் தழுவிய 'ரெக்கார்ட்ஸ்' முறை. டோட்டல் வாரில் தொடங்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். முதலாவதில் தளபதி தனியாளாக நூறு பேரை வீழ்த்துவார், எதிர்த் தளபதியை ஒண்டிக்கு ஒண்டி அழைப்பார். இரண்டாவதில் மெய்க்காவல் குதிரைப்படை சூழ வரும் சாதாரண மனிதர். 'காதல் முறை' என்று எங்கோ மொழிபெயர்த்திருந்தார்கள். லூ பு ரோஜாப்பூவோடு வருவான் என்று நினைத்திருப்பார்கள் போலும். தொல்காப்பியர் பிரித்த நாடக வழக்கு, உலகியல் வழக்கு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதி பொருத்தம். டோங் ஜுவோவின் தளபதி ஹுவா சியோங்கைக் கொன்றது வரலாற்றில் சுன் ஜியானின் படை. புதினத்தில், ஊற்றிய மது ஆறுவதற்குள் குவான் யூ தலையோடு திரும்பிவிடுகிறார். அச்சு அசல் நாடக வழக்கு. ஆனால் 'ரெக்கார்ட்ஸ்' உலகியல் ஆகாது. அது உலகத்தைப் பார்த்து எழுதியது அல்ல, ஏட்டைப் பார்த்து எழுதியது. எனவே நாடக வழக்கு, ஏட்டு வழக்கு.

சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

'இந்த விளையாட்டில் காலச்சாயல் மிகுதி, சான்றிசைவு குறைவு.'

'நிலமற்ற மக்களைக் குடியேற்றி உழவைத்த சாவ் சாவின் 196ஆம் ஆண்டு வேளாண் குடியிருப்புத் திட்டத்தைக் கணக்கில் எடுத்த விளையாட்டு, உடைகளில் தவறியிருந்தாலும் சான்றிசைவு கூடியதே.'

இரண்டும் படிக்கும்போது தடுக்கவில்லை. இரண்டாவது வாக்கியத்தைத் 'துல்லியம்' போட்டு எழுதிப் பாருங்கள், உடை வேறு சோறு வேறு என்பது வராது.

கடைசியாக, மூவரசுக் காலத்தை 'மூவேந்தர் காலம்' எனலாம் என்று இழையில் வந்த முன்மொழிவுக்கு என் வாக்கு இல்லை. சேர சோழ பாண்டியர் வந்து நடுவில் நிற்பார்கள். அதோடு வெய்யின் சாவ் பி 220இலும் ஷூவின் லியூ பெய் 221இலும் வூவின் சுன் சுவான் 229இலும் தங்களைப் பேரரசர் என்றே அறிவித்துக்கொண்டார்கள், வேந்தர் என்றால் கோபித்துக்கொள்வார்கள். 'மூவரசு' இருக்கட்டும்.

'காவோ காவோ' என்று எழுதுபவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். அது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தது. சாவ் சாவ் என்றே நம் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். ஆட்சேபம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். வகைமுரணுக்கு மாற்று வந்தால் அதையும் சேர்த்தே ஏற்றுகிறேன்.